காரைக்குடி 30 பைட்: பிஎச்பி தரவைக் கட்டி வைப்பதும் அவிழ்ப்பதும்

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு ஒரு வெப்சைட் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் ஃபாரத்தில் ஊர், கல்லின் அளவு, முன்பணம் வந்ததா, பாக்கி எவ்வளவு என்று நாலைந்து விவரங்கள் வருகின்றன. பக்கம் ஓடும்வரை அவை பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்மொழி)-க்குள் ஓர் அர்ரே, அதாவது சாவியும் மதிப்புமாக அடுக்கிய தொகுப்பு. பக்கம் முடிந்ததும் அர்ரே போய்விடும். டேட்டாபேஸிலோ ஃபைலிலோ வைக்க வேண்டுமானால் அதை ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) கட்ட வேண்டும், பிறகு அதே உருவத்தில் அவிழ்க்க வேண்டும். பழைய வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றுகிறவர்கள் தூணுக்கும் நிலைக்கும் எண் போட்டுக்கொள்வது இதற்காகத்தான். எண் மாறிப்போனால் எது முகப்புத் தூண், எது வளவுத் தூண் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பிஎச்பி-யில் இதற்குப் பழைய வழி சீரியலைஸ், அன்சீரியலைஸ் என்ற இரண்டு ஃபங்ஷன்கள். இன்னொன்று ஜேசன்_என்கோட், ஜேசன்_டீகோட். கேஷுக்கு (அடிக்கடி படிப்பதைத் தயாராக எடுத்துவைப்பதற்கு) மட்டும் வேர்_எக்ஸ்போர்ட். (பெயர்களை வாசிக்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறது. நிரலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.) எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டேட்டாபேஸில் நாள்கணக்காக இருக்கப்போகிற எதற்கும் ஜேசன். சீரியலைஸ், உங்கள் சர்வரே எழுதி உங்கள் சர்வரே படிக்கிற தற்காலிகச் சரக்குக்கு மட்டும். ஆனால் வேர்ட்பிரஸ் போன்றவை உள்ளே சீரியலைஸைத்தான் பயன்படுத்துகின்றன, அதனால் அதைத் தெரியாமல் தப்ப முடியாது.

சீரியலைஸ் எழுதுவதைப் படிக்கப் பழகுங்கள்

மேலே சொன்ன ஆர்டரை சீரியலைஸ் செய்தால் வருவது இது. வகையைக் குறிக்கும் எழுத்துகள் உண்மையில் ஆங்கிலத்தில் இருக்கும்.

ஏ:4:{எஸ்:9:"ஊர்";எஸ்:30:"காரைக்குடி";எஸ்:12:"அளவு";ஐ:10;எஸ்:24:"முன்பணம்";பி:1;எஸ்:18:"பாக்கி";என்;}

ஏ என்பது அர்ரே, அடுத்த 4 என்பது எத்தனை சாவி-மதிப்பு ஜோடி. எஸ் ஸ்ட்ரிங், ஐ முழு எண், டி தசம எண், பி ஆம்-இல்லை, என் வெறுமை. இந்த வெறுமைக்கான என்னும் ஆப்ஜெக்டுக்கான ஓவும் பெரிய எழுத்து, இங்கே சொன்ன மற்றவை சிறிய எழுத்து. ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் முன்னால் அதன் நீளம். வில்லங்கம் எல்லாம் இந்த நீளத்தில்தான்.

காரைக்குடி கண்ணுக்கு ஐந்தெழுத்து: கா, ரை, க், கு, டி. யூனிகோடில் அது பத்துக் குறிகள், ஏனென்றால் துணைக்காலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 30. நீளம் எண்ணும் ஃபங்ஷன்களில் எஸ்டிஆர்லென் கேட்டால் 30, எம்பி_எஸ்டிஆர்லென் கேட்டால் 10, கிராஃபீம்_எஸ்டிஆர்லென் கேட்டால் 5. மூன்றும் சரிதான். சீரியலைஸ் எழுதுவது முதலாவதை.

அவிழ்க்கும் ஃபங்ஷன் மேற்கோள் குறியைத் தேடிப் போவதில்லை. 30 பைட் என்று எழுதியிருந்தால் 30 பைட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணித் தாண்டும், அடுத்த பைட் மேற்கோள் குறியா என்று பார்க்கும், இல்லையென்றால் மொத்த ஆர்டரையும் தூக்கிப் போட்டுவிடும். பாதி அர்ரே என்று எதுவும் திரும்பி வராது.

கையால் திருத்தினால் என்ன ஆகும்

பிஎச்பி-மைஅட்மினில் அந்த வரியைத் திறந்து காரைக்குடியை தேவகோட்டை என்று மாற்றிச் சேமிக்கிறீர்கள். தேவகோட்டை ஒன்பது குறி, 27 பைட். முன்னால் 30 என்றே நிற்கிறது. அவிழ்க்கும் ஃபங்ஷன் 27 பைட்டையும் தாண்டி மூடும் மேற்கோள் குறி, அரைப்புள்ளி, அடுத்த எஸ் ஆகிய மூன்றையும் ஊர்ப்பெயரோடு சேர்த்து விழுங்குகிறது. பிறகு மேற்கோள் குறியை எதிர்பார்த்த இடத்தில் முக்காற்புள்ளி நிற்கிறது. ‘எரர் அட் ஆஃப்செட்’ என்ற செய்தியோடு ஃபால்ஸ் திரும்புகிறது. பிஎச்பி 8.3-க்கு முன் இது வெறும் நோட்டீஸ், பல ஹோஸ்டிங்கில் திரையில் தெரியவே தெரியாது. 8.3 முதல் வார்னிங்.

இதைவிட ஆபத்தானது, திருத்தியும் உடையாமல் போவது. பள்ளத்தூர் என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் பத்துக் குறி, 30 பைட், ஒன்றும் ஆகாது. ஓர் ஊரை வைத்துச் சோதித்துவிட்டு ‘வேலை செய்கிறதே’ என்று எஸ்க்யூஎல் ரீப்ளேஸை முழு டேபிளிலும் ஓட்டினால் கானாடுகாத்தான் வந்ததும் தெரியும். அது 42 பைட்.

திருத்த வேண்டுமானால் வரிசை இதுதான்: டேபிளுக்கு பேக்கப், ஒரு சிறு பிஎச்பி ஸ்கிரிப்டில் அன்சீரியலைஸ், அர்ரேயில் மாற்றம், மறுபடி சீரியலைஸ், சேமிப்பு. டொமைன் மாற்றும்போதும் இதே கதை. எச்டிடிபி எச்டிடிபிஎஸ் ஆனால்கூட ஒரு பைட் கூடுகிறது. வேர்ட்பிரஸ் ஆனால் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை சீரியலைஸ் ஆன ஃபீல்டை அவிழ்த்து, மாற்றி, நீளத்தைப் புதிதாக எண்ணிக் கட்டும். முதலில் ட்ரை-ரன் போட்டு எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள்.

பேக்கப் இல்லை, ஏற்கெனவே உடைந்துவிட்டது என்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் நீளத்தையும் மறுபடி எண்ணி எழுதும் வழி இருக்கிறது. பெரும்பாலும் மீட்டுத் தரும். ஆனால் உள்ளே இருக்கும் உரையிலேயே மேற்கோள் குறியும் அரைப்புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் அந்த இடத்தில் ஏமாந்துவிடும். எச்டிஎம்எல் ஸ்டைல் ஒட்டிய விவரக்குறிப்பில் இந்த ஜோடி நிறையவே வரும். அதனால் இது கடைசி மருந்து.

பழைய டிஸ்கி எழுத்தில் (யூனிகோட் பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியீடு) இருக்கும் தளத்தை யூனிகோடுக்குக் கொண்டுவருகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. டிஸ்கியில் ஓர் உருவுக்கு ஒரு பைட், யூனிகோடில் ஒரு குறிக்கு மூன்று. டேபிள் டம்ப்பை அப்படியே கன்வெர்ட்டரில் போட்டால் சீரியலைஸ் ஆன எல்லா வரியும் சாகும். முதலில் பழைய எழுத்திலேயே அவிழ்த்து, ஒவ்வொரு மதிப்பையும் மாற்றி, பிறகு கட்ட வேண்டும். அர்ரே_வாக்_ரிகர்சிவ் மதிப்புகளை மட்டும் தொடும், சாவிகளைத் தொடாது. சாவிகளும் தமிழில் இருந்தால் அவற்றுக்குத் தனி லூப் எழுதுங்கள்.

ஒரே கொட்டான், இரண்டு பைட் கணக்கு

கொட்டான் (ஓலைக்கூடை) என்ற சொல்லை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ‘கொ’வின் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. முதலாவது 24 பைட், இரண்டாவது 27. ஒருவர் கீபோர்டில் அடித்தது, இன்னொருவர் பிடிஎஃப்-இலிருந்து ஒட்டியது என்று வரும்போது அர்ரேயில் கொட்டான் என்ற சாவி இரண்டு முறை இருக்கும், இருப்புக் கணக்கு இரண்டாகப் பிரியும். மேலே பார்த்த தேவகோட்டைக்கும் இது பொருந்தும். ‘கோ’வின் குறி இரண்டாகப் பிரிந்த வடிவத்தில் அது 30 பைட். அதாவது காரைக்குடியைக் கையால் மாற்றிய அந்தத் தவறு, எங்கிருந்து ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்து உடையவும் செய்யலாம், உடையாமலும் போகலாம்.

ஃபாரத்திலிருந்து உரை உள்ளே வரும் வாசலிலேயே நார்மலைசர் கிளாஸைக் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். அதற்கு இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் வேண்டும். மலிவு ஹோஸ்டிங்கில் அது அணைத்தே இருக்கலாம், பிஎச்பி-இன்ஃபோவில் பார்த்து இயக்குங்கள். ஔவை என்பதை ஒ, ள, வை என்று மூன்றாக அடித்திருந்தால் மட்டும் நார்மலைசர் கைகொடுக்காது. அது உண்மையிலேயே வேறெழுத்து.

ஜேசன்

ஜேசனில் நீளம் எழுதுவதில்லை, அதனால் கையால் திருத்தலாம், வேறு மொழியிலும் படிக்கலாம். ஆனால் கொடிகள் (ஃபிளாக் என்னும் கூடுதல் விருப்பங்கள்) இல்லாமல் ஜேசன்_என்கோட் அழைப்பது தமிழுக்கு ஆகாது. இயல்பு நிலையில் அது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் பின்சாய்வுக்கோடு, யு, நான்கு இலக்கம் என்று ஆறு பைட்டாக எழுதும். காரைக்குடி 60 பைட் ஆகிவிடும், டேட்டாபேஸில் லைக் போட்டுத் தேடினால் கிடைக்காது. ஜேசன்_அன்எஸ்கேப்டு_யூனிகோட் கொடி போட்டால் தமிழ் தமிழாகவே 30 பைட்டில் நிற்கும். பிஎச்பி 5.4 முதலே இருக்கிறது.

அந்தப் பின்சாய்வுக்கோடுகளுக்கு வேறொரு கண்டமும் உண்டு. வழியில் எதாவது ஒன்று அவற்றை உரித்துவிட்டால், பலகாரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யுவும் எண்களும் கலந்த குப்பை வரிசையாக நிற்கும். வேர்ட்பிரஸின் அப்டேட்_போஸ்ட்_மெட்டா அப்படித்தான் செய்யும், தனக்கு வருவதை அன்ஸ்லாஷ் செய்துதான் சேமிக்கும். அதற்குக் கொடுக்கும் ஜேசனை டபிள்யூபி_ஸ்லாஷ் வழியாக அனுப்புங்கள். மேலே சொன்ன யூனிகோட் கொடி போட்டிருந்தாலும் இது வேண்டும், உள்ளே மேற்கோள் குறி வந்தால் அதற்கு முன்னாலும் ஒரு பின்சாய்வுக்கோடு இருக்கும்.

அடுத்து ஜேசன்_த்ரோ_ஆன்_எரர், பிஎச்பி 7.3 முதல். இது இல்லையென்றால் ஜேசன்_என்கோட் தோற்கும்போது சத்தமில்லாமல் ஃபால்ஸ் தரும், நீங்கள் வெற்று ஸ்ட்ரிங்கைச் சேமித்துக்கொண்டிருப்பீர்கள். தமிழில் தோற்பதற்கான வழக்கமான காரணம் சப்எஸ்டிஆர். விவரக்குறிப்பை 100 பைட்டில் வெட்டுகிறீர்கள். இடைவெளியில்லாத தமிழில் 99 பைட்டில் 33 குறி முடியும், நூறாவது பைட் அடுத்த குறியின் மூன்றில் ஒரு பங்கு. ஜேசன் அதை ஏற்காது, ‘மால்ஃபார்ம்டு யூடிஎஃப்-8’ என்று நிறுத்தும். எம்பி_சப்எஸ்டிஆர் அந்தப் பிழையைத் தராது, ஆனால் ‘டி’யின் கொக்கியை விட்டுவிட்டு வெறும் ‘ட’வில் நிறுத்தக்கூடும். கிராஃபீம்_சப்எஸ்டிஆர்தான் தமிழுக்குச் சரி.

அவிழ்க்கும்போது ஜேசன்_டீகோடின் இரண்டாவது இடத்தில் ட்ரூ கொடுக்க மறந்தால் அர்ரேக்குப் பதில் ஆப்ஜெக்ட் வரும். இன்னொன்று: மூன்று படங்களின் பட்டியலில் நடுவிலிருப்பதை அன்செட் செய்தால் மிஞ்சுவது 0, 2 என்ற சாவிகள். ஜேசன் அதைப் பட்டியலாக எழுதாது, ஆப்ஜெக்டாக எழுதும். பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் திடீரென்று படம் காட்டாமல் நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கட்டுவதற்கு முன் அர்ரே_வேல்யூஸ் போட்டால் தீர்ந்தது.

எண்ணாகத் தெரிவதெல்லாம் எண்ணல்ல

காரைக்குடியின் எஸ்டிடி குறியீடு 04565. ஜேசன்_நியூமெரிக்_செக் என்றொரு கொடி இருக்கிறது, எண்போலத் தெரியும் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும். அதைப் போட்டால் 4565தான் மிஞ்சும், முன்னால் இருந்த சுழியம் திரும்ப வராது. தொலைபேசி எண் இருக்கும் தரவில் இந்தக் கொடியைத் தொடவே வேண்டாம்.

அர்ரே சாவிகளிலும் இதே சங்கதி. 630001 என்ற பின்கோடை ஸ்ட்ரிங்காகவே சாவியில் வைத்தாலும் பிஎச்பி அதை முழு எண் ஆக்கிவிடும். 04565 சுழியத்தில் தொடங்குவதால் ஸ்ட்ரிங்காகவே இருக்கும். சீரியலைஸ் செய்து பார்த்தால் ஒன்றுக்கு ஐ, மற்றதற்கு எஸ். மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடும் இடத்தில் பின்கோடு பொருந்தாமல் போவது இதனால்தான். பின்கோடு வாரியாக அனுப்புசெலவுப் பட்டியல் வைத்திருந்தால் இன்னொரு அடி: அர்ரே_மெர்ஜ் முழு எண் சாவிகளை 0, 1, 2 என்று புதிதாக எண்ணிவிடும், பின்கோடு காணாமல் போகும். அர்ரே_ரீப்ளேஸ் பயன்படுத்துங்கள்.

பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். தசமத்தில் வைத்தால் ஜேசன் 62.0 என்பதை 62 என்று எழுதி, அவிழ்க்கும்போது வகை மாறிவிடும். பிஎச்பி-யின் பழைய ஐஎன்ஐ ஃபைலில் (அமைப்புகள் இருக்கும் ஃபைல்) சீரியலைஸ்_பிரிசிஷன் 17 என்று கிடந்தால் 0.1 என்பது 0.10000000000000001 என்று சேமிக்கப்படும். 7.1 முதல் இயல்பு மதிப்பு -1, அதையே வையுங்கள். தேதியை ஆப்ஜெக்டாகக் கட்டாமல், நேர வித்தியாசம் உட்பட ஸ்ட்ரிங்காக்கிக் கட்டுங்கள்.

எந்த ஃபீல்டில் வைப்பது

மைஎஸ்க்யூஎல்லில் டெக்ஸ்ட் ஃபீல்ட் 65,535 பைட். தமிழ்க் குறியில் அது 21,845 மட்டுமே, யு-வடிவ ஜேசனில் 10,922. ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருக்கும் சர்வரில் நீளம் மீறினால் வால் வெட்டப்படும், ஒரு வார்னிங்கோடு சேமிப்பு ‘வெற்றி’. வால் வெட்டிய சரத்தை சீரியலைஸும் அவிழ்க்காது, ஜேசனும் அவிழ்க்காது. சந்தேகம் இருந்தால் மீடியம்டெக்ஸ்ட் போடுங்கள், 16 எம்பி வரை தாங்கும். எழுத்துத்தொகுதி யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். வெறும் யூடிஎஃப்8 என்பது மைஎஸ்க்யூஎல்லில் 3 பைட்டோடு நிற்கும். தமிழுக்கு அது போதும், ஆனால் வாடிக்கையாளர் குறிப்பில் ஒரு கும்பிடு எமோஜி போட்டால் அது 4 பைட்.

மைஎஸ்க்யூஎல் 5.7.8 முதல் ஜேசனுக்கென்றே ஒரு ஃபீல்ட் வகை உண்டு. சரியில்லாத ஜேசனை வாசலிலேயே தடுக்கும். ஆனால் சாவிகளின் வரிசையை அது தன் வசதிக்கு மாற்றி வைக்கும். நீங்கள் அந்த உரைக்குக் கையொப்பம் (உரை மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) கணக்கிட்டு வைத்திருந்தால் திரும்ப எடுக்கும்போது பொருந்தாது. மரியாடிபி-யில் ஜேசன் என்பது லாங்டெக்ஸ்டுக்கு மறுபெயர், அங்கே வரிசை மாறாது.

எதைத் தேட வேண்டுமோ அதைக் கட்டுக்குள் போடாதீர்கள். ‘10 அங்குலக் கல் கேட்ட ஆர்டர் எத்தனை’ என்று மாதாமாதம் கேட்கப்போகிறீர்கள் என்றால் அளவுக்குத் தனி ஃபீல்ட். கல்லின் பூ வடிவம், நிறச் சேர்க்கை, வீட்டுக்காரர் சொன்ன விசேஷக் குறிப்பு போன்றவை கட்டுக்குள் போகட்டும். கட்டின் முதல் சாவியாகப் பதிப்பு எண் ஒன்று வையுங்கள். இன்று அளவு 10 என்ற ஒரே எண், நாளை நீளம், அகலம் என்று இரண்டாகும்போது பழைய வரிகளைப் பதிப்பு 1 என்று பார்த்துப் படிக்கும் ஐந்து வரி நிரல் போதும். அந்த எண் இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலும் ஊகம்தான்.

வெளியாள் தொட்டதை அவிழ்க்காதீர்கள்

கானாடுகாத்தானில் ஒரு தங்கும் விடுதி, அறைத் தேர்வைக் குக்கியில் சீரியலைஸ் செய்து வைத்திருக்கிறது என்று வையுங்கள். குக்கி வாடிக்கையாளரின் பிரவுசரில், அதாவது அவர் கையில் இருக்கிறது. அவர் அதில் உங்கள் நிரலில் இருக்கும் ஏதாவதொரு கிளாஸின் பெயரை எழுதி அனுப்பினால் அன்சீரியலைஸ் அந்த ஆப்ஜெக்டை உருவாக்கும், அதன் வேக்கப், டிஸ்ட்ரக்ட் மெத்தடுகள் ஓடும். ஃபைல் அழிக்கும் மெத்தட் ஒன்று எங்கோ ஒரு லைப்ரரியில் இருந்தால் போதும். குக்கி, ஃபாரத்தின் மறைவு ஃபீல்ட், யூஆர்எல் எதிலிருந்து வந்தாலும் அன்சீரியலைஸ் கூடாது. ஜேசனாக அனுப்புங்கள். மாற்றாமல் திரும்பி வர வேண்டுமானால் ஹேஷ்_எச்மேக் கொண்டு ஷா256 கையொப்பம் சேர்த்து, திரும்பி வந்ததும் ஹேஷ்_ஈக்வல்ஸால் சரிபாருங்கள்.

சொந்த டேபிளிலிருந்து படிக்கும்போதும் அன்சீரியலைஸின் இரண்டாவது இடத்தில் அலவ்டு_கிளாசஸ் என்பதற்கு ஃபால்ஸ் கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள். பிஎச்பி 7.0 முதல் உண்டு.

ஆப்ஜெக்டைக் கட்டுவது பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, ஏனென்றால் கட்டாமல் இருப்பதே நல்லது. கிளாஸின் பெயரை மாற்றினால் பழைய வரி ‘இன்கம்ப்ளீட் கிளாஸ்’ ஆகத் திரும்பும். ப்ரொடெக்டட் மாறிகளின் பெயருக்கு முன்னால் சுழியப் பைட், உடுக்குறி, மறுபடி சுழியப் பைட் ஒட்டிக்கொள்ளும். நான்கெழுத்து ஆங்கிலப் பெயருக்கு 7 என்று நீளம் நிற்பது பிழையல்ல. அதைக் காப்பி-பேஸ்ட் செய்தால் சுழியப் பைட் உதிர்ந்துபோகும், போஸ்ட்கிரெஸ்ஸின் டெக்ஸ்ட் ஃபீல்ட் அதை ஏற்கவே ஏற்காது. வைத்தே ஆக வேண்டுமென்றால் பைனரி வகை: மைஎஸ்க்யூஎல்லில் பிளாப், போஸ்ட்கிரெஸ்ஸில் பைட்டியா. குளோஷரையும் (பெயரில்லா ஃபங்ஷன்) டேட்டாபேஸ் இணைப்பையும் சீரியலைஸ் செய்யவே முடியாது, எக்செப்ஷன் வரும்.

அவிழ்த்த பிறகு ஃபால்ஸ் வந்ததா என்று பார்க்கும்போது ஒரு நுணுக்கம்: நீங்கள் சேமித்ததே ஃபால்ஸாக இருக்கலாம். அது பி:0; என்று நான்கு பைட்டில் எழுதப்படும். சரம் அதுவா என்று முதலில் ஒப்பிட்டுவிட்டுப் பிறகு தோல்வி என்று முடிவுகட்டுங்கள்.

கேஷ் ஃபைல்

விலைப்பட்டியல்போல அடிக்கடி படித்து எப்போதாவது மாறுவதற்கு, வேர்_எக்ஸ்போர்ட் செய்து முன்னால் ரிட்டர்ன் சேர்த்த பிஎச்பி ஃபைலாக எழுதி இன்க்ளூட் செய்வது வேகம். பிஎச்பி-யின் ஓபிகேஷ் அதை நினைவிலேயே வைத்துக்கொள்ளும். எழுதும்போது நேராக அந்த ஃபைலில் எழுதாதீர்கள், பாதி எழுதியதை இன்னொரு ரிக்வெஸ்ட் படித்துவிடும். அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்யுங்கள். சிஸ்டத்தின் டெம்ப் ஃபோல்டரில் எழுதி நகர்த்தினால் அது வேறு பார்ட்டிஷனாக இருந்துவிடலாம், அப்போது ரீநேம் ஒரே மூச்சில் நடக்காது. விலையை மாற்றியும் பக்கத்தில் பழைய விலையே நின்றால் ஓபிகேஷ் இன்னும் பழைய ஃபைலைப் பிடித்திருக்கிறது. ஃபைல் மாறியதா என்று அது பார்க்கும் இடைவெளியான ரிவேலிடேட்_ஃப்ரீக் இயல்பில் 2 விநாடி, ஆனால் வேலிடேட்_டைம்ஸ்டாம்ப்ஸ் அணைந்த சர்வரில் எத்தனை விநாடி காத்தாலும் மாறாது. ரீநேமுக்கு அடுத்த வரியிலேயே ஓபிகேஷ்_இன்வேலிடேட் அழைத்துவிடுங்கள், இரண்டாவது இடத்தில் ட்ரூ.